சபையில் அவிழ்ந்த கதை

சனிக்கிழமை சாயங்காலம் சாவு வீட்டுக்குப் போயிருந்த பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றபோது ரூத்தா தாழையோலைக்கு முள் சீவிக்கொண்டிருந்தாள். வண்டி நிறையச் சாமான். உப்பிட்ட மாட்டிறைச்சி வாளிகள், டின் மீன் பெட்டிகள், வாழையிலையில் சுற்றிய பன்றி முதுகுத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த சபைப்பாய்கள். படுக்கிற பாய் என்று நினைத்துவிடக் கூடாது. துணி மாதிரி மெல்லிசாக, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்து, ஒரு பெண் வருஷக்கணக்கில் முதுகு ஒடியப் பின்னுகிற பாய் அது. சாவோ கல்யாணமோ குடித்தலைவருக்குப் பட்டம் கட்டுவதோ, எதுவானாலும் அது கைமாறும். நன்றாகப் பேசுகிறவனுக்கு நல்ல பாய் கிடைக்கும். அவள் புருஷன் லேமானாவுக்கு எப்போதுமே நல்ல பாய்தான்.

அந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக அடுப்பு எரிவதே அவர் வாயால்தான். தீவில் எந்த ஊர்க் காரியமானாலும் வாய்த்தோலு ஊரின் சார்பில் கோலை ஊன்றி, தேங்காய்நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிற பேச்சுக்காரர் அவர். எந்த ஊர் எந்தக் குடியிலிருந்து பிரிந்தது, சபையில் கரைத்துக் குடிக்கிற ஆவா வேர்ச்சாற்றில் யாருக்கு முதல் கோப்பை, எந்தச் சண்டையில் யார் யாரை முதுகில் சுமந்து ஓடினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தடங்கலில்லாமல் வரும். தோட்டத்துச் சேப்பங்கிழங்கு வயிற்றுக்கு ஆகும். கூரைத் தகரம், கோயில் காணிக்கை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் பேச்சில் வந்ததுதான்.

காரியம் முடிந்து வந்தால் கால் கழுவுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். அவன் இப்படி ஆரம்பித்தான், நான் இப்படி மடக்கினேன் என்று மொத்தச் சபையையும் அவள் முன்னால் திரும்ப நடத்துவார். ரூத்தாவுக்குச் சலித்துப்போகும். அன்றைக்குப் பெட்டிகளை இறக்கினார், கால் கழுவினார், பின்பக்கத்துக் குடிசைக்குப் போய்த் தூணைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"என்ன, வாய்க்கு லீவா?" என்றாள் ரூத்தா.

"தலை வலிக்குது."

"இவ்வளவு சாமான் குடுத்திருக்காங்க. தலை வலிக்கிற ஆளுக்கா குடுத்தாங்க?"

கோக்கோவை ஆற்றிக்கொண்டுபோய் வைத்தாள். அது அப்படியே ஏடு படிந்து கிடந்தது.

மறுநாள் ஞாயிறு ஜெபம் முடிந்து கோயில் விட்டு வந்து, மண்ணடுப்பைப் பிரித்து, சீமைப்பலாவும் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய கீரைப் பொட்டலமும் எடுத்துக்கொண்டிருக்கும்போது லேமானாவின் அக்கா பூவா வந்தாள். கோயில் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவளுக்குச் சாப்பாடு முதல், சமாசாரம் அப்புறம். அன்றைக்கு இலையைத் தள்ளி வைத்தாள்.

"ரூத்தா, உன் தம்பி வீட்டுலேர்ந்து யாராவது வந்தாங்களா?"

"இல்லையே அண்ணி. ஏன்?"

"வரமாட்டாங்க. வந்தா கல்லோடதான் வருவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "என் தம்பி உனக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"தலைவலின்னு படுத்திருக்காரு."

"தலை இருக்கறவரைக்கும் வலிக்கட்டும். கேளு. நேத்து அந்தச் சாவு வீட்டுக்கு நம்ம ஊரும் மாத்தாவுலிக்காரங்களும் ஒரே நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டாங்க. யாரு முதல்ல எழுந்து பேசறதுன்னு ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டு. அவங்க பேச்சுக்காரன் விடமாட்டேங்கறான். 'நாங்க மூத்த பிள்ளை வழி, நீ இளையவன் வழி, உக்காரு'ங்கறான். என் தம்பிக்கு வேர்த்து ஊத்துது. இவன் ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொல்றான். கடைசியில இவன் எழுந்து..."

"எழுந்து?"

"'மூத்த பிள்ளையா? எந்த வயித்துல பொறந்தது? புயலுக்கு மறுநாள், செத்த தாயோட ஓடத்துல ஒதுங்கின பிள்ளைதானே? எடுத்து வளத்துப் பட்டம் கட்டினீங்க, அவ்வளவுதானே?'ன்னு கேட்டுட்டான்."

ரூத்தாவின் கையிலிருந்த கீரைப் பொட்டலம் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

சுறாவைப் பற்றி, போரைப் பற்றி, தெய்வங்களைப் பற்றி எந்த வாயும் பேசலாம். ஒரு குடும்பம் எங்கிருந்து முளைத்தது என்ற கதை மட்டும் அந்தக் குடும்பத்தின் சொத்து. வீட்டுக்குள், பெற்றவர் பிள்ளைக்கு, காதோடு சொல்வது. பேச்சுக்காரர்களுக்கு எல்லார் வீட்டுக் கதையும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் பாய் கொடுக்கிறார்கள் என்று லேமானாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வேறொரு குடியின் வம்சக்கதையைச் சபையில் அவிழ்த்தவனை வெட்டிப் போட்டால்கூட ஏன் என்று கேட்கிற ஆள் அந்தத் தீவில் குறைவு.

மாத்தாவுலி ரூத்தா பிறந்த ஊர். ஓடத்தில் ஒதுங்கிய பிள்ளை அவளுடைய முப்பாட்டன். அந்தப் பட்டத்தை இப்போது சுமக்கிறவன் அவள் தம்பி இயோனா.

"யாரு சொல்லித் தெரிஞ்சுதுன்னு அங்க எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கறாங்களாம்" என்றாள் பூவா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

ரூத்தாவுக்குத் தெரியும். அவளுடைய அம்மா சாகிறதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொன்னது இரண்டே பேருக்கு. ஒன்று அவள், இன்னொன்று இயோனா. பதினொரு வருஷத்துக்கு முன்னால், லேமானாவின் தங்கைக்குப் பிறந்த ஃபேதூவை இவர்கள் தத்தெடுத்து வந்த அன்று, நாலு நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரூத்தா அழுதாள். இது நம்மை அம்மா என்று நினைக்குமா என்று பயம். அப்போது அவளே தனக்குத் தைரியம் சொல்லிக்கொள்கிற மாதிரி, எங்கள் வம்சமே இப்படி எடுத்து வளர்த்த பிள்ளையால் வந்ததுதான் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

பூவா போனதும் பின்பக்கம் போனாள்.

"எழுந்திருங்க."

எழுந்து உட்கார்ந்தார். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அது எங்கம்மா எனக்குக் குடுத்தது. சபையில விக்கறதுக்கா உங்ககிட்ட குடுத்தேன்?"

"வாயில வந்துடுச்சு ரூத்தா."

"வந்துடறதுக்கு அது என்ன, ஏப்பமா?"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மெதுவாகச் சொன்னார். "இல்ல. பொய் சொல்லக்கூடாது. தானா வரல. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எடுத்துப் போட்டுட்டேன். அவன் ஒவ்வொண்ணுக்கும் எதுத்து ஒண்ணு வச்சிருந்தான். உக்காருடா சின்னவன் மகனேன்னு சபைக்கு முன்னால சொல்றான். என்கிட்ட மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். சொன்னா ஜெயிப்பேன்னு தெரியும். சொன்னேன். ஜெயிச்சேன்."

"சந்தோஷமா இருந்துதா?"

"அந்த வாக்கியம் முடியறவரைக்கும் இருந்துது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் பிள்ளைங்க இருமற சத்தம்கூட இல்ல. பாயைக் குடுத்தாங்க. ஒருத்தரும் மூஞ்சியைப் பாத்துக் குடுக்கல."

அவளுக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் தாழையோலைக் கட்டை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள், மறுபடி அந்தப் பக்கம் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் மாத்தாவுலி பஸ் கடந்து போனபோது ஒரு கல் வந்து சமையற்கட்டுத் தகரத்தில் விழுந்தது. பஸ் நிற்கவில்லை, அதில் அலறிய பாட்டும் நிற்கவில்லை. ஃபேதூவைப் பூவா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பத்து மணிக்கு அடுத்த செய்தி வந்தது. இயோனாவின் பங்காளி ஸௌலோ, முப்பாட்டனை எடுத்து வளர்த்தவரின் சொந்த ரத்த வழியில் வந்தவன், இத்தனை வருஷம் பட்டத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தவன், பட்ட வழக்குக் கோர்ட்டுக்கு மனு எழுத ஆள் தேடுகிறானாம். ரத்தம் இல்லாதவன் வழிக்குப் பட்டம் எதற்கு, நிலம் எதற்கு என்று கேட்கப் போகிறானாம். தம்பியின் பட்டம், அவன் பிள்ளைகள் நிற்கிற மண், அம்மாவின் கல்லறை இருக்கிற முற்றம் எல்லாம் ஒரு வாய் வார்த்தையில் ஆடிக்கொண்டிருந்தன. அந்த வார்த்தையைக் கொடுத்தவள் ரூத்தா.

மத்தியானம் ஊர்ச் சபை கூடியது. பேச்சே இல்லை. எல்லாருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். போய்ப் பணிந்து கிடக்க வேண்டும். குற்றம் செய்தவன் தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவன் வீட்டு முற்றத்தில் உட்கார வேண்டும். முன்னால் விறகும் கல்லும் வாழையிலையும் வைக்க வேண்டும், அடுப்பு மூட்டி எங்களையே சுட்டுத் தின்றாலும் தின்னுங்கள் என்பதற்கு. அவர்கள் பாயைத் தூக்கிவிட்டால் மன்னிப்பு. தூக்காவிட்டால் கல்லோ கத்தியோ. ஊர்ப் பெரிய தலைவர் தானே பாய்க்குள் உட்காருகிறேன் என்றார், அதுதான் வழக்கம். லேமானா கேட்கவில்லை.

"வாய் என்னுது தலைவரே. முதுகு உங்களுதா இருந்தா எப்படி?"

அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்தார்கள். லேமானா சனிக்கிழமை வந்த பெரிய பாயை எடுத்தார்.

"அந்தச் சனியனைத் தொடாதீங்க" என்றாள் ரூத்தா. அடியிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். நாலு வருஷம் பின்னியது, எந்தச் சபையும் இன்னும் பார்க்காதது.

"நான் தம்பிகிட்ட சொல்லிடறேன்" என்றாள். "நான்தான் சொன்னேன்னு. அவனுக்கு எப்படியும் தெரியும். நான் கேட்டா அவன் மறுக்கமாட்டான், நான் அவன் அக்கா."

"அவனுக்குத் தெரியறது வேற, முற்றத்துல நூறு பேர் கேக்கறது வேற. நீ சொன்னேன்னா கதை நிஜம்னு ஆயிடும். ஸௌலோவுக்கு வேற சாட்சியே வேண்டாம். உன் தம்பி பட்டம் போகும். உன்னை அந்த வாசல் மிதிக்க விடமாட்டாங்க."

"அப்ப அவன் உங்களைக் கேட்டா? யாரு சொன்னான்னு?"

"நான் பேச்சுக்காரன்" என்றார் லேமானா. "ஏதாவது சொல்லுவேன்."

அந்த ஏதாவது என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிகிறதற்குள் மாத்தாவுலி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் லேமானா, தலை முதல் கால் வரை பாய். அவருக்குப் பின்னால் பெரிய தலைவர், ஊர்க்காரர்கள், குடும்பம், குனிந்த தலையோடு. ரூத்தா இரண்டாவது வரிசையில். வலது பக்கம் அவளுடைய அம்மாவின் கல்லறை, சுண்ணாம்பு அடித்து, மேலே பிளாஸ்டிக் மாலையோடு. அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கிழக்கு வெளுத்தது. சேவல் கூவியது. வீட்டில் ஓலைத் தட்டிகள் இறக்கியே இருந்தன. உள்ளே யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம், பாத்திரச் சத்தம். வெயில் ஏறியது. வாலிபர்கள் பத்துப் பதினைந்து பேர் வெட்டுக்கத்தியோடு வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரை ரூத்தா இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறாள். ஒருத்தன் அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். இன்னொருத்தன் கல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு மழை வந்து நனைத்துவிட்டுப் போனது. யாரும் அசையவில்லை. பாய் நனைந்து லேமானாவின் தலையோடும் தோளோடும் ஒட்டிக்கொண்டது. பிறகு வெயில் வந்து எல்லாரையும் அவித்தது. பெரிய தலைவர் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார். பாய்க்குள் இருப்பவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று ரூத்தா விலாப் பக்கத்தையே பார்த்தாள். பாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது போதும் என்று இருந்தது.

கோயில் மணி பதினொன்று அடித்தபோது தட்டி ஏறியது. இயோனா வெளியே வந்தான். வெற்று மார்பு, இடுப்பில் கறுப்புத் துணி. தூக்கமே இல்லாத கண். அவனுக்குப் பின்னால், திண்டு மாதிரி வயிற்றோடு ஸௌலோ. இயோனா பாயின் முன்னால் வந்து நின்றான். கையைப் பாயின் மேல் வைக்கவில்லை.

"லேமானா."

பாய் லேசாக அசைந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பதில் சொன்னா தூக்கறேன். அந்தக் கதையை உனக்கு யாரு சொன்னது?"

முற்றம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. இதுதான் அந்த இடம். அவர் ரூத்தாவின் பெயரைச் சொன்னால் தம்பி போனான். சொல்லாமல் இருந்தால் அந்தக் கல் ஒரு கையில் நிற்காது. புருஷன் மண்டை உடைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. நான்தான், இயோனா, என்று சொல்ல அவள் தலையை நிமிர்த்தினாள். மூச்சை இழுத்தாள்.

"யாரும் சொல்லல." பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது, கரகரத்து. "நானே கட்டினது."

"என்ன?"

"ஓடமும் இல்ல, புயலும் இல்ல, பிள்ளையும் இல்ல. உங்க ஆளை ஜெயிக்க வேற வழி தெரியல. பொய் சொன்னேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. கோபம்கூட இல்லை அதில், அருவருப்பு. வாய்த்தோலு ஊர்ப் பெரியவர்கள் தங்கள் தலையை இன்னும் கீழே இறக்கினார்கள். வம்சக்கதையை வெளியே சொன்ன பேச்சுக்காரனை மன்னித்திருக்கிறார்கள், உதைத்திருக்கிறார்கள். கதையைச் சொந்தமாகக் கட்டுகிற பேச்சுக்காரனை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். அவன் இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் சந்தேகம் விழும், அவன் ஊரின் பெயரை அவன் வாயால் சொன்னால் அந்த ஊருக்கே கேவலம்.

இயோனா ஸௌலோவின் பக்கம் ஒரு தடவை திரும்பினான். பிறகு, "சத்தமாச் சொல்லு" என்றான். "ஸௌலோ அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். கோர்ட்டு வரைக்கும் போகணும்ங்கறாரு."

லேமானா சொன்னார். இந்தத் தடவை சபைக் குரலில், கடற்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்து விடாமல். அவ்வளவு அழகாக அவர் எந்தச் சபையிலும் பேசியதில்லை என்று ரூத்தாவுக்குத் தோன்றியது. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். இனி அவள் பேசினால் அவரும் போவார், தம்பியும் போவான். ஸௌலோ காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் பின்னால் நடந்தான்.

இயோனா குனிந்து பாயைத் தூக்கினான்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். கத்திகள் எங்கேயோ போய்விட்டன. ஆவா கரைத்தார்கள். மாத்தாவுலிப் பேச்சுக்காரன், அதே ஆள், எழுந்து மன்னித்தோம் என்று பேசினான். இப்போது வாய்த்தோலு பதில் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் எல்லார் கண்ணும் லேமானாவின் பக்கம் திரும்பியது. திரும்பிய கண்கள் அவசரமாக வேறு பக்கம் போயின. லேமானா தோளிலிருந்த சாமரத்தை எடுத்தார், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த தவீத்தாவின் மடியில் வைத்தார். தவீத்தா சுமாராகப் பேசுகிறவன். பதறிப்போய் எழுந்தான், ஊர்ப் பட்டங்களை வரிசை மாற்றிச் சொன்னான். லேமானா கண்ணை மூடிக்கொண்டார். திருத்தவில்லை.

சாப்பாடு வந்தது. இயோனா தானே ஒரு இலையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்து ரூத்தாவின் முன்னால் வைத்தான். கோழி, கிழங்கு, கீரைப் பொட்டலம். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சாப்பிடு அக்கா."

அவள் இலையைத் தொடவில்லை.

"சாப்பிடு" என்றான் இன்னும் மெதுவாக. "அம்மா சொன்னது அம்மாவோட போச்சு."

அவன் திரும்பிப் போய்விட்டான். ரூத்தா கிழங்கைப் பிய்த்து வாயில் போட்டாள். அழுகையும் கிழங்கும் ஒன்றாக இறங்கின.

திரும்பி வரும்போது பிக்கப்பின் பின்பக்கத்தில் லேமானாவும் ரூத்தாவும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸில் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எரிமலைப் பாறைக் காட்டுக்கு நடுவே வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது.

"இனிமே யாரு கூப்பிடுவா உங்களை?"

"யாரும் கூப்பிடமாட்டாங்க. கிழங்கு நடலாம். மண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க? நான்தான் சொல்ல வாயெடுத்தேனே."

"தெரியும்" என்றார் லேமானா. "பின்னால நீ மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டுச்சு. அதான் முந்திக்கிட்டேன்."